முப்பத்தாறு கதவுக்கு ஒரு திறப்பு

பகலில் தூங்கி எழும்பினால், தான் எந்த வீட்டில் படுத்திருக்கிறோம் என்பது பிரஷாந்திக்குக் கொஞ்ச நேரம் விளங்காது. இதில் அவளுடைய பிழை பாதிதான். மற்றப் பாதி மருதடி வீட்டுத்திட்டத்தைக் கட்டியவர்களைச் சேரும். தன்னாமுனையில் பெரிய றோட்டை விட்டு வாவிப் பக்கம் இறங்கினால் வருகிற முப்பத்தாறு வீடும் ஒரே அச்சு. ஒரே பச்சைக் கதவு, ஒரே அளவு யன்னல், சமையலுக்கு இடப்பக்கம் குசினி. பின்னேரம் மூன்று மணிக்கு முப்பத்தாறு வீட்டிலும் வெயில் ஒரே யன்னலால் நுழைந்து சீமெந்துத் தரையில் ஒரே இடத்தில் விழும். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், பதினாலாம் நம்பர் என்று நினைத்துப் பதினைந்தைத் திறந்துகொண்டு போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். கண் விழித்தபோது சுவரில் வேறு கலண்டர் தொங்கியது. புருசன் ஜெயரூபன் இதை எப்போது மாட்டினார் என்று படுத்தபடியே யோசித்தாள். ஜெயரூபன் கட்டாரில் மேசன் வேலைக்குப் போய் அப்போது ஆறு வருசம். பதினைந்தாம் வீட்டுக்காரி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ஒரு கிழமைக்குச் சிரித்தாள். அன்றைக்குப் பிடித்த பெயர்தான் சொப்பனக்காரி.

பதினாலின் திறப்பு பதினைந்தை எப்படித் திறந்தது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். மருதடிக்காரர் கேட்க மாட்டார்கள். கடல் வந்து கரையோரத்தை வழித்துக்கொண்டு போன பிறகு, வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்துக் கட்டுவித்த வீடுகள் இவை. கொந்தராத்து எடுத்த புண்ணியவான் பூட்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் மலிவாக வாங்கிப் போட்டுவிட்டார். கொஞ்சம் உள்ளே தள்ளி மெல்ல ஆட்டினால் எந்தத் திறப்பும் எந்தக் கதவையும் திறக்கும். குடிவந்த முதல் மாசத்திலேயே இது வெளிச்சமாகிவிட்டது. முறைப்பாடு செய்ய வேண்டும் என்று இரண்டொருவர் சொன்னார்கள், பிறகு மறந்துபோனார்கள். மழை இருட்டினால் வீட்டில் நிற்கிறவள் நாலு வீட்டைத் திறந்து உடுப்பை எல்லாம் உள்ளே போட்டாள். யாரோ மறந்துவிட்டுப் போன அடுப்பை யாரோ போய் அணைத்தார்கள். பிள்ளைகள் பசித்த வீட்டில் புகுந்து சோறு தின்றன. பூட்டை மாற்றினால் அது அயலவன் முகத்தில் காறித் துப்பின மாதிரி என்று ஒரு எண்ணம் யாரும் சொல்லாமலே ஊறிப்போனது. பதினேழு வருசமாக ஒருவரும் மாற்றவில்லை.

பிரஷாந்திக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. பாசிக்குடாவில் ஒரு ஹொட்டேலில் சலவைப் பகுதியில் வேலை. விடியற்காலை ஹொட்டேல் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பின்னேரம் கொண்டுவந்து இறக்கும். நாள் முழுக்க வெள்ளைப் பெட்சீற் மடிப்பதுதான் அவள் பிழைப்பு. இதில் படுத்தவர் என்ன கனாக் கண்டிருப்பார், எந்த ஊர்க்காரர், யாரை நினைத்துக்கொண்டு புரண்டிருப்பார் என்று மடிக்கும்போதே யோசிப்பாள். மேற்பார்வைக்காரர் இரண்டுதரம் கூப்பிட்டால்தான் காது கேட்கும். வேலையில் குறை வராது. கை தன் பாட்டில் மடிக்கும், மனம் தன் பாட்டில் போகும். அப்படிப் பிறந்த மனுசி. திருத்தப் பார்த்தவர்கள் எல்லாரும் களைத்துப்போனார்கள்.

எதிர்வீடு பதின்மூன்றாம் நம்பர், அன்னப்பூரணியுடையது. பிரஷாந்தியைவிடப் பதினைந்து வயது மூப்பு. புருசனையும் ஒரே மகளையும் கடலுக்குக் கொடுத்தவள். மிச்சமிருந்தது, அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற தம்பி சதீசன் மட்டும்தான். அதன்பிறகு அவள் கடல் இருக்கிற திசைக்குப் போனதில்லை. கடல்மீன் வாங்குவதில்லை, ஆற்றுமீன்தான். வாவியை மருதடியில் ஆறு என்றுதான் சொல்வார்கள். பின்னேரம் வேன் இறக்கிவிட்டதும் பிரஷாந்தி முதலில் நுழைவது அந்த வீட்டுக்குத்தான். பிளேன்ரீ, பனங்கட்டித் துண்டு, அன்றைய ஊர்க்கதை. கட்டாரிலிருந்து ஜெயரூபன் போன் எடுத்தால் அன்னப்பூரணியும் பக்கத்தில் இருந்து சுகம் கேட்பாள். கூடப்பிறந்தவள் இருந்திருந்தால் இவ்வளவுதான் இருந்திருக்கும் என்று பிரஷாந்தி நினைப்பதுண்டு.

போன வருசம் சித்திரை மாதத்தில் ஒருநாள் மின்சாரம் போய் சலவை இயந்திரங்கள் நின்றன. மத்தியானத்தோடு வேலை இல்லை, வேன் மூன்றரைக்குத்தான் வரும். பிரஷாந்தி ஹொட்டேலின் பின்பக்கத்தால் இறங்கிக் கரைக்கு வந்தாள். பார்த்துவிட்டுப் போவதாகத்தான் நினைப்பு. தண்ணீர் கண்ணாடிப் பேணியில் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. செருப்பைக் கழற்றினாள். பையை மணலில் வைத்தாள். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது, வேலைச் சட்டையோடு இடுப்புவரை இறங்கிவிட்டாள். பாசிக்குடாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது என்று கேள்விப்பட்டிருந்தாள். நடந்து பார்த்தாள், உண்மைதான். தாயையும் தகப்பனையும் கொண்டுபோன அதே கடல் இளஞ்சூடாக, ஒரு சத்தமும் இல்லாமல் அவளைச் சுற்றிக் கிடந்தது. கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது கரையில் தென்னைகள் விரல் அளவுக்குத் தெரிந்தன. இருபது வருசத்துக்குப் பிறகு அவள் சந்தோசமாக இருந்தாள், அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கரைக்கு வந்தபோது பை கவிழ்ந்து கிடந்தது. போன் இருந்தது, பேர்ஸ் இருந்தது. வீட்டுத் திறப்பைக் காணவில்லை. நாய் இழுத்ததோ, காகம் கொத்தியதோ, மனுசன் எடுத்தானோ தெரியாது. திறப்பில் கட்டியிருந்த பிளாஸ்ரிக் துண்டில் மருதடி வீட்டுத்திட்டம், இலக்கம் பதினாலு என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

அன்னப்பூரணியிடம் போய், "அக்கா, திறப்பு வேன்ல எங்கயோ விழுந்திட்டு" என்றாள். கடலில் இறங்கினேன் என்று அந்த மனுசியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அன்னப்பூரணி தன் திறப்பை நீட்டினாள். "இந்தா. இது திறக்காத கதவா இஞ்ச கிடக்கு." அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அதே திறப்பு. தேத்தண்ணி குடித்துவிட்டு வாங்கிப் போவாள், கதவைத் திறந்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். விடிய வெளிக்கிடும்போது பூட்டுவதும் அதே திறப்பால்தான். இரண்டாவது திறப்பு ஜெயரூபனின் திறப்புக் கோர்வையில் கட்டாரில் இருந்தது. புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பிரஷாந்தி அடிக்கடி நினைத்தாள். நினைப்பதில் அவளுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

களவு தொடங்கியது இந்த வருசம் வைகாசியில். ஒன்பதாம் வீட்டில் அரிசிப் பேணிக்குள் ஒளித்து வைத்த சங்கிலி போனது. பத்து நாளில் இருபத்திரண்டாம் வீட்டில் இரண்டு போனும் ஒரு சோடித் தோடும். அடுத்தது முப்பத்தொன்று, அங்கே மின்விசிறியைக்கூட விடவில்லை. எல்லாம் பட்டப்பகலில், ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, பெண்கள் சந்தைக்கும் கிளினிக்குக்கும் போன இடைவெளியில் நடந்தது. ஒரு பூட்டும் உடைபடவில்லை.

பொலிஸ் சார்ஜன்ற் வந்து கதவைத் தடவிப் பார்த்தார். "பூட்டு நல்லாத்தானே இரிக்கு. கள்ளன் எப்படி உள்ளுக்கு வந்த?" என்று கேட்டார். கூடிநின்ற சனம் முழுக்க வானத்தைப் பார்த்தது. பின்பக்க யன்னலால் வந்திருப்பான் என்று ஒருவர் முணுமுணுத்தார். யன்னல் கம்பிக்குள்ளால் பூனை வரலாம், மின்விசிறியோடு மனுசன் போக முடியாது. சார்ஜன்ற் அதை எழுதிக்கொண்டு, விழிப்புக் குழு ஒன்று அமைக்கச் சொல்லிவிட்டுப் போனார். பொலிசுக்கு உண்மையைச் சொன்னால் ஊரே சிரிக்கும் என்று மருதடிக்கு வெட்கம். களவு கொடுத்த வெட்கத்தைவிட அது பெரிய வெட்கமாக இருந்தது.

குழுவுக்குத் தலைவர் அழகரத்தினம். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வெடுத்தவர். கையில் ஒரு கொப்பி வந்தது என்றால் மனுசன் இருபது வயது குறைந்துவிடுவார். வீட்டுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் ஊதி ஊதி இரண்டாம் நாளே எந்த விசிலுக்கும் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் ஆனார்கள். முறைபோட்டு இரண்டு பெண்கள் வேப்பமர நிழலில் கதிரை போட்டுக் காவல் இருந்தார்கள். நடு மத்தியானத்தில் ஆற்றுக் காற்று வந்து தடவினால் காவலாவது, களவாவது. அழகரத்தினம் மட்டும் விழித்திருந்து எழுதினார். பத்து இருபதுக்கு மீன்காரர் உள்ளே, பத்து நாற்பதுக்கு வெளியே. பதினொன்று ஐந்துக்கு சதீசன் வீட்டுக்குள்.

சதீசனின் பெயர்தான் அந்தக் கொப்பியில் கூடுதலாக இருந்தது. சீமெந்துக்கல் செய்கிற இடத்தில் விடியச் சாமம் வேலை தொடங்கி முற்பகலிலேயே வீடு திரும்புகிறவன், பகலில் வேறு எங்கே இருப்பான்? ஆனால் எட்டு வருசத்துக்கு முன்னம் குடிவெறியில் இருபதாம் வீட்டைத் திறந்து காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனதும் அவன்தான். மறுநாள் தானே தலையில் சுமந்துவந்து வைத்துவிட்டு முற்றத்தில் இருந்து அழுதான். அன்றோடு குடியை விட்டான். அழுததைச் சனம் மறந்துவிட்டது, சிலிண்டரை மறக்கவில்லை.

ஆனி மாதத்து முதல் ஞாயிறு, பொது மண்டபத்தில் கூட்டம். பிரஷாந்தி கடைசி வரிசையில் இருந்தாள். சதீசனும் அன்னப்பூரணியும் முன்னுக்கு. அழகரத்தினம் கொப்பியை விரித்து, கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

"பிழையா நினையாத தம்பி. ஆளையாள் குற்றம் சொல்ல வரல்ல. வெளியான் கையில நம்மட திறப்பு இல்ல. அப்ப உள்ளுக்குள்ளதான் பாக்கணும். கொஞ்ச நாளைக்கு உன்ட திறப்ப இஞ்ச தந்திட்டு, வேற எங்கயாவது போய் வேலை செஞ்சியெண்டா நல்லம்."

வெளியான் கையில் திறப்பு இல்லை. அந்த வாக்கியம் பிரஷாந்தியின் காதில் விழுந்து அங்கேயே நின்றது. பாசிக்குடா மணலும் கவிழ்ந்து கிடந்த பையும் கண்ணுக்குள் வந்தன. எழும்ப வேண்டும் என்று கால் சொன்னது. எழும்பினால் கடலைச் சொல்ல வேண்டும். அன்னப்பூரணிக்குப் பக்கத்தில் நின்று, வேலைச் சட்டையோடு கடலில் நடந்ததையும் ஒரு வருசமாகப் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. அவள் யோசித்து முடிவதற்குள் சதீசன் எழும்பிப் போய்த் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தான். அன்னப்பூரணி மாத்திரம் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை வரிசை வரிசையாகத் தாண்டி வந்து பிரஷாந்தியின் முகத்தில் நின்றது. பிரஷாந்தி குனிந்துகொண்டாள்.

மறுநாள் பின்னேரம் வேன் இறக்கிவிட்டபோது எதிர்வீட்டுக் கதவில் புதுப்பூட்டு மினுங்கியது. மருதடியில் விழுந்த முதலாவது புதுப்பூட்டு. தன் கதவுக்கு வந்தாள். கைப்பிடியில் ஒரு நூலில் கட்டி அன்னப்பூரணியின் பழைய திறப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்று என்ற துண்டு அப்படியே இருந்தது. இனி அது அன்னப்பூரணியின் கதவைத் திறக்காது, பிரஷாந்தியே வைத்துக்கொள்ளலாம்.

அங்கேதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. தன்னிடம் திறப்பு இல்லை என்பது இந்த மருதடியில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அந்த ஒருத்தி வாய் திறந்திருந்தால் தம்பியைக் காப்பாற்றியிருக்கலாம். பிரஷாந்தியே சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிரஷாந்தி கதவைத் திறக்காமல் படியில் இருந்து, விளக்குகள் எரியத் தொடங்கும்வரை அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக் கூட்டத்துக்கு அன்னப்பூரணி வரவில்லை. சதீசன் வாழைச்சேனைப் பக்கம் போய்விட்டான். அழகரத்தினம் கொப்பியை விரிக்கும் முன்னமே பிரஷாந்தி எழும்பினாள்.

"என்ட திறப்பு தொலைஞ்சு பதினாலு மாசம். பாசிக்குடாக் கரையில. நான் கடலுக்குள்ள இறங்கி நடந்தன். சும்மாதான் நடந்தன். வந்து பாக்கக்குள்ள திறப்பு இல்ல. அன்னப்பூரணி அக்காக்கிட்ட வேன்ல விழுந்த எண்டு பொய் சொன்னன். போன கிழமை சதீசன் எழும்பிப் போகக்குள்ளயும் நான் பேசாம இருந்தன்."

பிறகு இருபத்தாறாம் வீட்டு மனுசி மெதுவாக, தான் பெயின்ற் அடிக்க வந்தவர்களிடம் திறப்பைக் கொடுத்ததாகவும் அது திரும்பி வரவில்லை என்றும் சொன்னாள். நாலாம் வீட்டுக்காரர், வலை வீசும்போது ஆற்றில் விழுந்தது என்றார். முப்பதாம் வீட்டுத் திறப்பு குவைத்தில். ஒருவர் விட்டுப்போன மனைவியிடம் என்றார், எந்த ஊரில் என்று அவருக்கே தெரியாது. அழகரத்தினம் பழக்கதோசத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார். கடைசியில் பேனையை மூடி வைத்துவிட்டு, தன்னுடையதும் போன வருசம் பஸ்ஸில் போய்விட்டது, மகனுடைய திறப்பை வைத்துத்தான் காலம் போகிறது என்றார். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது திறப்பு உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தத் திறப்பும் எந்தக் கதவையும் திறக்கிற ஊரில் திறப்பைத் தொலைத்தவனுக்கு என்ன கவலை, யாரிடம் சொல்வான்?

அழகரத்தினமும் இன்னும் இரண்டு பேரும் வாழைச்சேனைக்குப் போய்ச் சதீசனைக் கையோடு கூட்டிவந்தார்கள். முப்பத்தாறு கதவுக்கும் புதுப்பூட்டு விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு திறப்பு. களவு நின்றது. இப்போது மழை வந்தால் கொடியில் உடுப்பு நனைகிறது.

பிரஷாந்தி சதீசனைத் தெருவில் கண்டு மன்னிப்புக் கேட்டாள். "விடுங்கக்கா" என்று சொல்லி அவன் நடந்தான். அன்னப்பூரணியிடம் அப்படித் தெருவில் கேட்க முடியவில்லை. ஒரு பின்னேரம் போய்ப் பச்சைக் கதவைத் தட்டினாள். பதினேழு வருசத்தில் அந்தக் கதவை அவள் தட்டியது அதுதான் முதல்தரம்.

"ஆரது?"

செருப்புச் சத்தத்திலேயே ஆளைச் சொல்லுகிற மனுசி கேட்டாள்.

"நான்தான் அக்கா. பிரஷாந்தி."

"என்ன?"

"சும்மாதான்."

"வேலையா இருக்கன்."

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும். அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் கிழமை கதவு அரைவாசி திறந்தது. அன்னப்பூரணி உள்ளே நின்றபடி சொன்னாள்.

"கடலுக்குப் போனத்துக்கு நான் கோவிப்பன் எண்டு நினைச்சியா புள்ள? கடல் எல்லாருக்கும்தான் கிடக்கு. அண்டைக்குக் கூட்டத்தில நான் உன்ட முகத்தத்தான் பாத்தன். எழும்புவாய் எண்டு பாத்தன்."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சும்தானே இருந்தாய்."

கதவு மூடியது. அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதால் பிரஷாந்திக்குக் கோபம்கூட வரவில்லை.

ஆவணியில் பொலிசார் வேறொரு ஊரில் இரண்டு பேரைப் பிடித்தார்கள். சங்கிலி உருகிப்போயிருந்தது, மின்விசிறி கிடைத்தது. அவர்களுடைய பையில் மருதடித் திறப்பு ஒன்று இருந்தது, இலக்கம் இருபத்தாறு. பெயின்ற் அடிக்க வந்தவர்கள்தான். அழகரத்தினம் ஓட்டமும் நடையுமாக வந்து பிரஷாந்தியிடம் சொன்னார், "உன்ட திறப்பு இல்லயாம் மகள். நீ ஒரு பிழையும் செய்யல்ல." அயலில் எல்லாரும் அதையே சொல்லிச் சந்தோசப்பட்டார்கள். அவளுக்கு மட்டும் நெஞ்சில் இருந்த கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் தொலைத்த திறப்பு பாசிக்குடா மணலில் எங்கேயோ நல்லபிள்ளையாகக் கிடக்கிறது. அவள் பேசாமல் இருந்தது அப்படி எங்கேயும் போய்க் கிடக்கவில்லை.

அன்று பின்னேரமும் போய்த் தட்டினாள். ஆரது என்ற கேள்வி வந்தது. நான்தான் அக்கா என்றாள். இனிப் போய் என்ன பயன் என்று பதினைந்தாம் வீட்டுக்காரி கேட்டாள். பிரஷாந்திக்கும் பயன் தெரியவில்லை. வேன் இறங்கியதும் கால் அங்கே போனது, அவளும் கூடப் போனாள். புரட்டாதி முடிந்தது. வெயில் யன்னலால் விழும் இடம் கொஞ்சம் தள்ளிப்போனது. சில நாள் தட்டிவிட்டுக் கதவடியில் நின்றபடி எதையாவது யோசிக்கத் தொடங்கிவிடுவாள், உள்ளே இருந்து கேள்வி வந்ததுகூடக் கேட்காது.

ஐப்பசியில் ஒரு பின்னேரம், ஆற்றுப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பிரஷாந்தி வழக்கம்போலத் தட்டினாள், வழக்கம்போலச் சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

கேள்வி வரவில்லை. கதவு திறந்தது. கையில் அகப்பையோடு அன்னப்பூரணி நின்றாள். முகத்தைப் பார்க்காமலே திரும்பிக் குசினிக்கு நடந்தாள்.

"கதவச் சாத்திட்டு வா. பூனை பூந்திரும்."